மரம் ஏற்ற எது: பழைய ராணுவ லாரியா, சாதாரண லாரியா?

காட்டுப் பாதை என்றால் அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்35ஏ2 லாரிதான் என் தேர்வு. மூன்று ஆக்ஸில்களும் இழுக்கும். சாதாரண லாரி சேற்றில் சக்கரம் சுழல நிற்கும் இடத்தில் இது ஊர்ந்து ஏறிவிடும். கரடுமுரடான தடத்தில் 2.5 டன், நல்ல சாலையில் 5 டன் சுமக்கும். கணினி கிடையாது, ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை நாமே சரிசெய்யலாம்.

பிரேக்தான் பயம். காற்றழுத்த உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும்) பிரேக், அதுவும் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்து ஆயில் தீர்ந்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். மரம் ஏற்றும் முன் டயர்களின் உள்பக்கம் டார்ச் அடித்து, ஈரக்கறை தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சாதாரண லாரிக்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும், வேகமும் அதிகம். தார்ச்சாலையில் மட்டும்தான் ஓட்டம் என்றால் சரி, அதையே வாங்குங்கள்.