ஆறு மணி நேரம் கையில் இருந்தால்: தாலினா, ரீகாவா?

விமானம் மாறும் இடைவெளியில் பால்டிக் கடலோரப் பழைய நகரம் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று கணவனும் மனைவியுமாகத் திட்டமிட உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். எஸ்தோனியாவின் தாலின், லாட்வியாவின் ரீகா. இரண்டுமே இடைக்கால வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹன்சாவின் துறைமுகங்களாகச் செழித்தவை. இரண்டின் பழைய பகுதிகளும் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இரண்டிலும் யூரோதான் செல்லும். புகைப்படங்களைப் பார்த்து முடிவெடுக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

நானும் என் மனைவியும் இரு வேறு பயணங்களில் இரண்டு ஊர்களிலும் சில மணி நேரம் இறங்கி நடந்திருக்கிறோம். நான் தாலின் கட்சி, அவர் ரீகா கட்சி. வீட்டில் இன்னும் தீராத இந்த வழக்கில் அவர் பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வேறுபாடு மதிலிலிருந்து தொடங்குகிறது. தாலினைச் சுற்றி இடைக்காலத்தில் எழுப்பிய கோட்டை மதிலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது, சிவப்புக் கூம்புக் கூரை போட்ட காவல் கோபுரங்களோடு. ரீகாவோ தன் மதிலை 1857 முதல் 1863 வரை இடித்து, பழைய அகழியைப் பூங்கா நடுவே ஓடும் கால்வாயாக்கி, அதையொட்டி அகன்ற சாலைகளை அமைத்துக்கொண்டது. அதனால் தாலினில் பார்க்க வேண்டியது ஒரு வளையத்துக்குள் அடங்கிவிடுகிறது. ரீகாவின் அழகில் பாதி பழைய நகரத்துக்கு வெளியே பரவிக் கிடக்கிறது. சில மணி நேரமே கையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வேறுபாடு வேறெதுவும் இல்லை.

கோட்டை மதிலின் வீரு வாசலில் நுழைந்தால் பத்து நிமிடத்துக்குள் தாலினின் நகர மன்றச் சதுக்கத்துக்கு வந்துவிடலாம். அங்கே இருப்பது 1404-இல் கட்டி முடித்த கோதிக் பாணி மன்றம். அதன் ஒரு மூலையில், 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் இடம்பெற்ற மருந்துக் கடை இன்றும் மருந்து விற்கிறது. கீழ் நகரம் வணிகர்களுடையது, குன்றின் மேலிருக்கும் தோம்பேயா பிரபுக்களுடையதும் ஆயருடையதும் (பிஷப்). இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி நிர்வாகம். நடுவே ஒரு மதில். இரண்டையும் இணைக்கும் சரிவுப் பாதைகளுக்கு 'நீண்ட கால்', 'குட்டைக் கால்' என்று பெயர். நீண்ட கால் வழியாக ஏறி, மேலே மதில் விளிம்பில் நின்று கூரைகளையும் கடலையும் பார்த்துவிட்டு, குட்டைக் கால் வழியாக இறங்கினால், இரண்டு ஊர்களாக வாழ்ந்த ஓர் ஊரின் வரலாறு நடையிலேயே புரிந்துவிடுகிறது.

தாலினில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் டிக்கெட் வாங்க முடியும் என்றால் நிகுலிஸ்டே தேவாலயத்துக்கு வாங்குங்கள். 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் வீசிய குண்டுகளில் எரிந்து, பின்னர் சீரமைக்கப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. லூபெக் நகர ஓவியர் பெர்ன்ட் நோட்கே 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய 'மரண நடனம்' அங்கே தொங்குகிறது. நீண்ட ஓவியத்தில் எஞ்சியது சுமார் ஏழரை மீட்டர்தான். போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் என வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு பிடித்து நடனத்துக்கு இழுக்கிறது. பேரரசியின் முகத்தைப் பார்த்தபடி என் மனைவி நெடுநேரம் பேசாமல் நின்றார். அன்று வேறு எங்கும் நாங்கள் அவ்வளவு நேரம் செலவிடவில்லை. குண்டு விழுவதற்கு முன்பே யாரோ அக்கறையோடு கழற்றி வேறிடத்தில் வைத்ததால் பிழைத்த ஓவியம் அது.

ரீகாவுக்கு வருவோம். ஆயர் ஆல்பர்ட் 1201-இல் நிறுவிய நகரம், தௌகவா ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் முகவரிப் படமாக எல்லோரும் காட்டும் கருந்தலையர் மாளிகை மணமாகாத வணிகர்களின் சங்கக் கட்டடம். 1941 ஜூனில் போரில் சிதைந்தது, எஞ்சியதை 1948-இல் சோவியத் ஆட்சி இடித்தது. இன்று நாம் பார்ப்பது 1999-இல் முடிந்த மறுகட்டுமானம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அழித்ததைத் திரும்ப எழுப்பியே தீருவோம் என்ற மக்களின் உறுதி எனக்குப் பெரிதாகவே படுகிறது. ஆனால் பழமையைத் தொட்டுப் பார்க்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதே சங்கத்துக்குத் தாலினின் பிக் தெருவிலும் ஒரு மாளிகை உண்டு. அது போரில் தப்பியது. பொதுச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்த முதல் ஊர் எது என்ற போட்டியிலும் (தாலின் சொல்லும் ஆண்டு 1441, ரீகா சொல்வது 1510) இரு பக்கமும் இந்தக் கருந்தலையர்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

ரீகாவின் உண்மையான செல்வம் வேறிடத்தில் இருக்கிறது. மைக்கேல் ஐசன்ஸ்டைன் என்ற பொறியாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட்டா தெருவில் வடிவமைத்த வீடுகளைப் பாருங்கள். முகப்பு முழுவதும் சிங்கங்கள், அலறும் முகங்கள், கொடிகள். திரைப்பட மேதை செர்கேய் ஐசன்ஸ்டைனின் தந்தை அவர். பழைய நகரத்திலிருந்து அங்கே போக நடையில் இருபது நிமிடமாவது ஆகும். நேர் எதிர்த்திசையில், ரயில் நிலையம் அருகே, 1930-இல் திறந்த மத்தியச் சந்தை. செப்பலின் வான்கலங்களுக்கான கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு எழுப்பிய ஐந்து பெருங்கூடங்கள். புகைபோட்ட மீன், ஊறவைத்த முட்டைக்கோசு, ரை தானியத்தில் செய்த கருப்பு ரொட்டி, தேன் என்று கூடத்துக்குக் கூடம் மணம் மாறுகிறது. என் மனைவியின் வாதமே இதுதான்: "தாலினில் வாழ்ந்து முடித்தவர்களைப் பார்த்தோம். இங்கே வாழ்கிறவர்களைப் பார்க்கிறோம்." இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

மூட்டு வலி உள்ளவர்களுக்கும் ரீகாதான் எளிது. தரை சமமானது, புனித பீட்டர் தேவாலயக் கோபுரத்தில் 72 மீட்டர் உயரம் வரை லிஃப்ட் கொண்டுபோய் விடுகிறது. தாலினில் மேடும் உருண்டைக் கல் பாவிய தெருக்களும் காலைச் சோதிக்கும். 124 மீட்டர் உயரப் புனித ஓலாஃப் தேவாலயக் கோபுரத்தில், பார்வை மேடைக்குக் குறுகிய சுழல் படிகளில் 200-க்கு மேல் ஏற வேண்டும். நான் மட்டும் ஏறினேன், அவர் கீழே காத்திருந்தார். அந்த அரை மணி நேரத்தைப் பிரிந்து கழித்ததுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வருத்தம். நிகுலிஸ்டே கோபுரத்தில் இப்போது லிஃப்ட் இருப்பதால் இனி போகிறவர்களுக்கு அந்தப் பிரிவு தேவையில்லை.

போய்வரும் நேரக் கணக்கில் தாலின் முந்துகிறது. விமான நிலையத்திலிருந்து நகர மையம் சுமார் 4 கிலோமீட்டர், ரீகாவில் 10. இரண்டிலும் நகரப் பேருந்து போதும். ஹெல்சின்கியிலிருந்து வருபவர்களுக்குத் தாலின் இரண்டு மணி நேரக் கப்பல் பயணம். துறைமுகத்திலிருந்து கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே வர ஷெங்கன் விசா இரு ஊர்களிலும் வேண்டும்.

இடைவெளி ஆறு மணி நேரம் என்றால் தயங்காமல் தாலினுக்குப் போங்கள். மதிலுக்குள் நுழைந்து, பார்த்து, ஒரு தேநீர் குடித்து, பதற்றமில்லாமல் திரும்பலாம். ஓர் இரவு தங்க முடியும் என்றால் என் மனைவியின் பக்கம் சாய்கிறேன்: மாலையில் ரீகாவின் பழைய தெருக்கள், காலையில் கூட்டம் சேரும் முன் சந்தை, பிறகு ஆல்பர்ட்டா தெரு. டிசம்பரில் போகிறவர்கள் மட்டும் கணக்கை மாற்ற வேண்டும். பகல் வெளிச்சம் ஆறேழு மணி நேரம்தான் இருக்கும். காலையிலேயே இறங்கும் விமானமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.