டாங்கிள் போதுமா, மேசை ஆம்ப் வேண்டுமா? ஹெட்போனைக் கேளுங்கள்

ஒரு பக்கம் போனில் செருகி ஹெட்போனை மாட்டும் விரல் நீள யூஎஸ்பி டாங்கிள். இன்னொரு பக்கம் தனி பவர் சப்ளை, பெரிய வால்யூம் குமிழ் என்று மேசையை அடைத்து உட்காரும் டாக்-ஆம்ப், அதாவது டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக்கி ஹெட்போனுக்கு வலுவூட்டும் பெட்டி. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காதில் எவ்வளவு வித்தியாசம் என்பது எந்த ஹெட்போனைச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்தது. பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் பாதி அதற்கு உதவாது.

முதலில் வோல்ட் கணக்கு. சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம். சென்ஹைசர் தரும் கணக்கில், 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபெல் வரும். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் தரும் உச்சமே சுமார் 1 வோல்ட்தான். ஐரோப்பாவில் விற்கும் பதிப்பு அதில் பாதி. சினிமாப் பாட்டுக்கு இது தாராளம், ஏனென்றால் இன்றைய மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பில்) சராசரி ஒலி உச்சத்துக்கு மிக அருகிலேயே இருக்கும். சராசரி 20 டெசிபெல் கீழே நிற்கும் ஆர்கெஸ்ட்ரா பதிவில் 77 டெசிபெல்தான் கிடைக்கும். கேட்கலாம், ஆனால் வால்யூம் கடைசிவரை போய்விடும். 4 வோல்ட் தரும் மேசை ஆம்ப் இங்கே 12 டெசிபெல் கூடுதல் இடம் கொடுக்கிறது.

தட்டையான மெல்லிய படலத்தைக் காந்தங்களால் அதிரவைக்கும் சில பிளேனார் ஹெட்போன்களுக்கு வோல்ட் மட்டும் போதாது, கரண்டும் வேண்டும். மில்லிவாட்டுக்கு 84 டெசிபெல், 50 ஓம் என்று ஒன்று இருந்தால், 110 டெசிபெல் உச்சத்துக்கு 400 மில்லிவாட் தேவை. அதாவது சுமார் 4.5 வோல்ட், 90 மில்லிஆம்பியர். சிறிய டாங்கிள்கள் பெரும்பாலும் இதற்கு ஈடுகொடுக்காது. டிரம் அடி விழும்போது உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இந்த இடத்தில் மேசை ஆம்ப் வாங்குவது ஆடம்பரம் இல்லை.

விலை தோற்கும் இடம்

பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி ஸ்பீக்கர்கள் பல உள்ள இயர்போனின் இம்பீடன்ஸ் ஒரே எண்ணாக நிற்பதில்லை. ஒரு அதிர்வெண்ணில் 8 ஓம், இன்னொன்றில் 50 ஓம் என்று அலைபாயும். அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் சொந்தத் தடை, 10 ஓம் உள்ள ஒன்றில் அதைச் செருகினால், 8 ஓம் பகுதி 7 டெசிபெல் இறங்கும், 50 ஓம் பகுதி 1.6 மட்டுமே இறங்கும். இயர்போனின் டியூனிங்கே 5 டெசிபெல்லுக்கு மேல் வளைந்துவிட்டது. சுமார் 1 ஓம் உள்ள டாங்கிளில் அதே வித்தியாசம் 1 டெசிபெல்லுக்குள் அடங்கும். ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போனின் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்ற பழைய விதி இதற்காகத்தான்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களில் (பழைய ரேடியோ போல் கண்ணாடிக் குழாய்களில் இயங்குபவை) கதை இன்னும் சுவாரசியம். 100 ஓம் அவுட்புட் உள்ள ஒன்றில் எச்டி 600-ஐ மாட்டினால், அதன் இம்பீடன்ஸ் சுமார் 500 ஓமுக்கு ஏறும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 1 டெசிபெல் உப்பும். "வால்வின் இதம்" என்று எழுதப்படுவதில் கணிசமான பங்கு இதுவே. பிடித்தால் தப்பில்லை. ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரிலும் அது இலவசமாகக் கிடைக்கும்.

இரைச்சலிலும் டாங்கிள் பல நேரம் முந்தும். வோல்ட்டுக்கு 120 டெசிபெல் தரும் இயர்போனை ஹை கெயினில் (சிக்னலை அதிகம் பெருக்கும் நிலையில்) வைத்த ஆம்ப்பில் மாட்டினால், 20 மைக்ரோவோல்ட் இரைச்சல்கூட 26 டெசிபெல் 'உஸ்ஸ்' ஆகிவிடும். இரவில் அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். லோ கெயினுக்கு மாற்றுங்கள். கணினியோடு இணைத்ததும் ரீங்காரம் வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது சாதனங்களின் எர்த் இணைப்பு வழியே சுற்றும் மின்னோட்டம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் உறுதி. மின்சாரம் இல்லாமல் ஒளியில் சிக்னல் கடத்தும் ஆப்டிகல் கேபிள் அதைத் தீர்க்கும்.

அளவீட்டுப் பட்டியலில் ஒன்று 100, மற்றது 120 டெசிபெல் சினாட் (இரைச்சலும் டிஸ்டார்ஷன் என்ற ஒலித்திரிபும் இசையைவிட எவ்வளவு கீழே என்ற எண்) என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 100 டெசிபெல் உச்சத்தில் கேட்கும்போது முதலாவதின் குப்பை 0 டெசிபெல்லில் கிடக்கிறது. ஹெட்போன் டிரைவர் சேர்க்கும் டிஸ்டார்ஷனே அதைவிடப் பல மடங்கு.

காதால் ஒப்பிடும் முறை

சத்தம் சமமாக இல்லாத ஒப்பீடு குப்பைக்குத்தான். அரை டெசிபெல் கூடினாலே அது சத்தமாகத் தெரியாது, "தெளிவாக" தெரியும். ஒவ்வொரு காதையும் இரண்டு எதிரெதிர் சிக்னல்களால் இயக்கும் பேலன்ஸ்டு அவுட்புட் பெரும்பாலும் இரு மடங்கு வோல்ட், அதாவது 6 டெசிபெல் கூடுதல். அதைப் புகழும் பாதி விமர்சனங்களின் ரகசியம் அதுதான்.

ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே, ஒரு ஸ்ப்ளிட்டரின் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து 400 ஹெர்ட்ஸ் டோனை அளக்கலாம். மலிவு மீட்டர்கள் பல 1 கிலோஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும். ஏசியின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட் என்றிருக்கும் மீட்டர் இதற்கு ஆகாது. மில்லிவோல்ட் ரேஞ்ச் வேண்டும். முதலில் டாங்கிளை 200 மில்லிவோல்ட் பக்கம் நிறுத்திவிட்டு, மேசை ஆம்ப்பின் குமிழைத் திருகி 2 மில்லிவோல்ட்டுக்குள் கொண்டுவாருங்கள்; அது 0.1 டெசிபெல். போன் வால்யூமின் படிகள் பெரியவை, ஆகவே தலைகீழாகச் செய்தால் பொருந்தவே பொருந்தாது. இடது, வலது இரண்டையும் அளக்கவும்: குமிழின் ஆரம்பப் பகுதியில் ஒரு காது மட்டும் தணிவது அனலாக் குமிழ்களில் சகஜம். மீட்டரின் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ்டு அவுட்புட்டை இந்தச் சாதாரண ஸ்ப்ளிட்டரில் கொடுக்கவே கூடாது. ஷார்ட் ஆகி ஆம்ப் போய்விடலாம்.

பிறகு ஒருவர் உங்கள் பார்வைக்கு வெளியே நாணயம் சுண்டி, அதன்படி பிளக்கை மாற்றட்டும். ஹெட்போனைத் தலையிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றி மாட்டினாலே உயர் அதிர்வெண்கள் சில டெசிபெல் இடம் மாறும், நீங்கள் கேட்பது ஆம்ப்பை அல்ல, பேட் உட்கார்ந்த விதத்தை. முழுப்பாட்டு வேண்டாம், நன்கு பழகிய 20 நொடித் துண்டு போதும். ஒலிநிறத்தின் வேறுபாட்டை பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். 16 முறையில் 12-ஓ அதற்கு மேலோ வெறும் குருட்டு யோகத்தில் சரியாக அமையும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்பதோ பத்தோ என்றால் அந்தப் பணத்தில் முதலில் இயர்பேடை மாற்றுங்கள். அமுங்கிப்போன பேட் ஒலியை மாற்றும் அளவுக்கு நல்ல ஆம்ப் எதுவும் மாற்றாது.