கேஸ் சிலிண்டர் கணக்கு: உருவாதல் என்தால்பியா, பிணைப்பு ஆற்றலா?

சத்துவாச்சாரியில் இருக்கும் அக்கா பையன் போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, ஒரே பியூட்டேனுக்கு ரெண்டு விடை வருது, எது சரி?" வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ கேஸ் முழுக்க எரிந்தால் எவ்வளவு வெப்பம் என்பது கணக்கு. உள்ளே புரோப்பேனும் இருக்கும்தான், வசதிக்காக எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக்கொண்டோம்.

உருவாதல் என்தால்பி, பிணைப்பு ஆற்றல் என்று அவன் போட்டது இரண்டு வழி; எரியும் சமன்பாடு இரண்டுக்கும் பொது. 1 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அளவு; பியூட்டேனில் 58 கிராம்) பியூட்டேன் எரிய 6.5 மோல் ஆக்சிஜன் வேண்டும். 4 மோல் கார்பன் டை ஆக்சைடும் 5 மோல் நீராவியும் வரும்.

உருவாதல் என்தால்பி என்பது 1 மோல் பொருள் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்; மைனஸ் என்றால் வெப்பம் வெளியே வருகிறது. இதில் மூன்றே எண்கள் (மோலுக்கு கிலோஜூலில்): கார்பன் டை ஆக்சைடு −393.5, நீராவி −241.8, பியூட்டேன் −126, ஆக்சிஜனுக்குப் பூஜ்ஜியம். முதலாவதை நாலாலும் அடுத்ததை ஐந்தாலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து பியூட்டேனைக் கழித்தால் −2657 கிலோஜூல், அவ்வளவுதான். புத்தகத்தில் −2878 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது நீராவி தண்ணீராகக் குளிர்ந்த பிறகு வரும் கணக்கு.

பிணைப்பு ஆற்றல், அதாவது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்க ஆகும் ஆற்றல், பார்க்க எளிது, ஆனால் கால் வாரிவிடும். உடைக்க ஆகும் மொத்தத்திலிருந்து புதுப் பிணைப்புகள் உருவாகும்போது வெளிவருவதைக் கழிக்க வேண்டும். உடைக்க வேண்டியவை கார்பன்–கார்பன் 3 (347), கார்பன்–ஹைட்ரஜன் 10 (413), ஆக்சிஜன் மூலக்கூறு ஆறரை (498), மொத்தம் 8408. உருவாகும் பக்கத்தில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் 10 (463), அப்புறம் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு 8. பையன் மாட்டிக்கொண்டது இந்தக் கடைசியில்தான். அட்டவணையில் பொதுவாகப் போட்டிருக்கும் 745-ஐ எடுத்துவிட்டான், விடை −2182. கார்பன் டை ஆக்சைடுக்குள் அந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கம், 799 போட வேண்டும். போட்டால் −2614. அப்போதும் 43 குறைகிறதே என்றான். பல மூலக்கூறுகளின் சராசரியைப் போட்டால் அப்படித்தான் வரும்.

என்னைக் கேட்டால் அட்டவணை கையில் இருக்கும்போது உருவாதல் என்தால்பிதான். பிணைப்பு ஆற்றல், அட்டவணையில் இல்லாத பொருளுக்கு உத்தேசம் பார்க்க. ஆம்பூர் பிரியாணி அடுப்பு விறகுக்கு இரண்டுமே உதவாது. விறகுக்கு ஏது ஒரே வாய்பாடு? வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில் எரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, சிலிண்டர். 14,200-ஐ 58-ஆல் வகுத்தால் சுமார் 245 மோல், அதை 2657-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6.5 லட்சம் கிலோஜூல். பையனின் 2182-ஐ வைத்தால் 5.34 லட்சம்தான். ஒரு பிணைப்பின் எண்ணைத் தப்பாக எடுத்ததில் இரண்டரை கிலோ கேஸ் நோட்டிலேயே காணாமல் போயிருந்தது.