தம்ப் பிக் வாங்கலாமா? ஒரே கிட்டாரில் தாளமும் மெலடியும் வாசிப்பவர்களுக்கு

பேஸ், கார்ட், மெலடி மூன்றையும் ஒற்றைக் கிட்டாரில் வாசிக்க விரும்புகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது, கம்பியை மீட்டுவதற்காகக் கட்டைவிரலில் வளையமாக மாட்டும் தம்ப் பிக். அதிலும் டன்லப் நிறுவனத்தின் சாதாரண செல்லுலாய்டு (ஒருவகைப் பிளாஸ்டிக்) பிக்கே போதும். ஆனால் அதைக் கடையில் வாங்கிய கோலத்திலேயே மாட்டி வாசித்தால் நிச்சயம் பிடிக்காது. விரலுக்கேற்பச் சரிசெய்த பிறகுதான் அது நல்ல பிக்.

விரலிடுக்கில் பிடிக்கும் தட்டைப் பிக்கிலேயே இதைச் செய்ய முடியாதா? முடியும். டன்லப்பின் டார்டெக்ஸ் வகைத் தட்டைப் பிக்கில் பச்சை நிறத்தை (0.88 மி.மீ. தடிமன்) பிடித்துக்கொண்டு, நடுவிரலாலும் மோதிரவிரலாலும் மேல்ஸ்தாயிக் கம்பிகளை மீட்டுவதுதான் ஹைப்ரிட் பிக்கிங். அதில் பிக்கைப் பிடிப்பதற்கே ஆள்காட்டி விரல் போய்விடுகிறது. மெலடிக்குக் கைகொடுக்கும் வலுவான விரல் அதுதான். கென்டக்கியின் மூலன்பர்க் வட்டாரத்தில் வளர்ந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ், தம்ப் பிக்கோடு அந்த ஒரு விரலை மட்டும் வைத்தே பேஸையும் மெலடியையும் சேர்த்து வாசித்தார். அவரை வானொலியில் கேட்டு வளர்ந்த இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் கூடுதல் விரல்களைச் சேர்த்துக்கொண்டார்.

சரிசெய்யும் முறைக்கு வருவோம். வளையம் இறுக்கமாக இருந்தால் நகத்தடி வலிக்கும். தளர்ந்திருந்தால் வாசிக்கும்போதே பிக் சுழலும். மீடியமா லார்ஜா என்று சந்தேகம் வந்தால் லார்ஜ் வாங்குங்கள். கொதித்து இறக்கிய வெந்நீரில் இடுக்கியால் பிடித்துச் சில விநாடிகள் அமிழ்த்தினால் பிளாஸ்டிக் இளகும். எடுத்து, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் விரலில் மாட்டி வளையத்தை அழுத்தி, அப்படியே குளிர்ந்த நீரில் காட்டினால் அந்த வடிவம் நிலைத்துவிடும். நுனி நீரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இளகி வளைந்துவிடும். லைட்டர், மெழுகுவர்த்தி பக்கமே போக வேண்டாம். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும்.

அடுத்தது நுனி. பெரும்பாலான கைகளுக்கு இது தேவைக்கு மேல் நீளம். நீண்ட நுனி கம்பிக்குள் ஆழமாக இறங்கி மாட்டிக்கொள்ளும், அதனால் பேஸ் தாமதமாக விழும், தாளம் நொண்டும். கட்டைவிரலைத் தாண்டி 5 மி.மீ. அளவுக்கு நிற்கும்படி நகம் தேய்க்கும் அரத்தால் தேயுங்கள். பிறகு 400 எண் உப்புத்தாள், கடைசியில் 1000. ஓரம் சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய கம்பி சுற்றப்பட்ட தடித்த கம்பிகளில் கீச்சொலி கேட்கும்.

பிக் சரியாக அமைந்ததா என்று பார்க்க C கார்ட் போதும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கட்டைவிரலால் மட்டும் 5, 4, 6, 4 என்ற வரிசையில் (1 மெல்லிய கம்பி, 6 தடித்தது) ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கம்பி. 6-ம் கம்பிக்கு இடது கை மோதிரவிரலை அதன் 3-ம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் உலோகக் கட்டங்களில் மூன்றாவது) நகர்த்தி, மீண்டும் 5-க்குக் கொண்டுவர வேண்டும். பேச்சுக் கொடுத்தாலும் கட்டைவிரல் நிற்காமல் ஓடும்வரை மெலடியைத் தொடாதீர்கள். பின்பு முதல் தட்டில் 5-ம் கம்பியையும் 2-ம் கம்பியையும் ஒன்றாகக் கிள்ளுங்கள். அது பழகியதும், இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவில் 1-ம் கம்பி. எல்லோருக்கும் தடுக்குவது இந்த இடத்தில்தான்: மெலடி தட்டுகளுக்கு இடையில் விழும்போது கட்டைவிரலும் அதன் பின்னாலேயே ஓடும். வேகத்தை 50-க்குக் குறைத்து அந்த ஒரு தட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பதே வழி.

தம்ப் பிக்கின் பெரிய குறை பேஸ் ஓங்கிக் கேட்பது. பிளாஸ்டிக் அடிக்கும் கம்பிக்கும் விரல்சதை மீட்டும் கம்பிக்கும் சத்தம் ஒன்றாக இருக்காது. உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகள் உடலில் பொருந்தும் பிரிட்ஜில், கம்பிகள் தாங்கி நிற்கும் சேடலை லேசாகத் தொடும்படி 6, 5, 4 கம்பிகள் மேல் மட்டும் வையுங்கள். கை கழுத்துப் பக்கம் நகர்ந்தால் ஸ்வரமே கேட்காமல் தொப்பென்று விழும். 3-ம் கம்பி மூடினால் மெலடியின் அடிப்பகுதி செத்துவிடும். அதைத் தனியே தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெர்கோவின் நைலான் தம்ப் பிக் நுனி வளைந்து கொடுப்பதால் மேல்நோக்கி ஸ்ட்ரம் செய்ய (பல கம்பிகளைச் சேர்த்து வருட) டன்லப்பைவிட இலகு. ஆனால் பேஸ் ஸ்வரத்துக்கு அந்த அழுத்தம் வராது. பிளாக் மவுண்டன் பிக்கில் வளையத்துக்குப் பதில் ஸ்பிரிங் பிடிப்பு, நுனியும் தட்டைப் பிக் போலவே இருக்கும். தட்டைப் பிக்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே கைவரும். கையில் அது கொஞ்சம் பருமனாகத் தெரியும். வேகமான பேஸுக்கு டன்லப்தான் என் தேர்வு.

பாட்டுக்குப் பக்கவாத்தியமாக ஸ்ட்ரம்மிங்தான் அதிகம், இடையிடையே மெலடி வந்தால் போதும் என்பவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. டார்டெக்ஸ் மஞ்சள் (0.73 மி.மீ.) வாங்கி அமெரிக்க நாட்டுப்புற இசைக் கலைஞர் மேபெல் கார்ட்டர் வழியைப் பிடிக்கலாம். அவர் கட்டைவிரலால் பேஸ் கம்பிகளில் மெலடியை வாசித்து, ஆள்காட்டி விரலால் மேல் கம்பிகளை வருடினார். தட்டைப் பிக்கில் மெலடி ஸ்வரத்தைக் கீழ்நோக்கி அடித்து, அடுத்த தட்டில் 3, 2, 1 கம்பிகளை மட்டும் தொட்டால் அதே அமைப்பு கிடைக்கும். ஆறு கம்பிகளையும் சேர்த்து அடித்தால் மெலடி கார்டுக்குள் மூழ்கிவிடும். ஆரஞ்சு (0.60) வேண்டாம், பேஸ் கம்பியில் அது வளைந்து ஒலியை மெலிய வைக்கும்.