பள்ளிக்கூடக் கட்டட நிதி விற்பனை விழா: அசனத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, ரசீது கவுண்டருக்கு ரெண்டுதான்

ஹோட்டலுக்கு எழுதுதாங்க, மிக்சிக்கு எழுதுதாங்க, பள்ளிக்கூடம் நடத்துற விற்பனை விழாவுக்கு மட்டும் யாரும் ரிவ்யூ எழுத மாட்டேங்காங்க. அங்கயும் காசு குடுத்துதான போறோம், அதான் நான் எழுதுதேன். வள்ளியூர் பக்கம் எங்க பிள்ளைக படிக்கிற கிறிஸ்தவப் பள்ளிக்கூடம், பேரு போடல, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சுயநிதிப் பள்ளி. இப்போ பத்தாங்கிளாஸ் வரைக்கும் இருக்கு, பன்னெண்டு வரைக்கும் கொண்டு போகணும்னு மேல மாடி எழுப்புதாங்க, அதுக்குப் பணம் சேக்கத்தான் ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை மைதானத்துல அசனம்ங்கிற சபை விருந்து, ஸ்டால், ஏலம், நன்கொடை கவுண்டர்னு எல்லாத்தையும் ஒண்ணா வச்சிட்டாங்க. போகலாமான்னு கேட்டா தாராளமா போகலாம். ஆனா பெரிய தொகையா குடுக்கதா இருந்தா ரசீது பத்தி கீழ எழுதியிருக்கத படிச்சிட்டுக் குடுங்க.

மொதல்ல சாப்பாடு. நாங்க இந்துக்கதான், ஆனா அசனம்னா என்னன்னு இந்தச் சீமையில பொறந்த யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ராத்திரியே அடுப்பு வெட்டி, சேகரத்து (சபை வட்டாரத்து) ஆம்பளைகளே விடிய விடிய நின்னு கிண்டி, வடிச்ச சோத்தை ஓலைப்பாயில மலையா கொட்டி மேல வெள்ளை வேட்டியப் போட்டு மூடியிருந்தாங்க, தொறந்தப்போ வந்த ஆவியிலயே பாதிப் பசி எடுத்துருச்சு. கறிக்குழம்புல கத்தரிக்காயும் வாழைக்காயும் போட்டிருந்தாங்க, கறியவிட அந்தக் கத்தரிக்காய்தான் மசாலாவ குடிச்சு அப்படி ஒரு ருசி, எங்க பெரியவன் கறிய எனக்குத் தள்ளிட்டு கத்தரிக்காய மறுக்கா கேட்டு வாங்குனான். சைவத்துக்கு சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். சொதி கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு, தேங்காய்ப்பால் ரெண்டாம் பாலோட நிறுத்திட்டாங்களோ என்னமோ. ரசம் பத்தி சொல்லவே வேண்டாம், டம்ளர்ல வாங்கிக் குடிச்சேன்.

மட்டன் டோக்கன் 200, சைவம் 120. இதுலதான் ஒரு பிரச்சனை வந்துச்சு. அசனத்துக்கு டோக்கனான்னு ஒரு பாட்டையா வாசல்லயே சத்தம் போட்டுட்டாரு. "காணிக்கை பெட்டியில மனசுக்கு ஏத்தத போட்டுட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதுக்குப் பேருதாம்ல அசனம், நீங்க நடத்துறது கிளப்புக் கடைல்லா"ன்னு. அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு. தாளாளரே வந்து, "கடைசிப் பந்திக்கு டோக்கன் வேண்டாம் பாட்டையா, யாரு வேணாலும் வந்து உக்காரலாம்"னு சொல்லி கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போனாரு. அந்தக் கடைசிப் பந்தி விஷயத்தை நோட்டீஸ்லயே போட்டிருந்தா கட்டட வேலை பாக்கிற கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளும் தயங்காம வந்திருக்கும். ஆடிக்காத்து வேற, ஷாமியானா ஒரு பக்கம் பிச்சிக்கிட்டு ஆட, இலையில மண்ணு விழாம சாப்பிடுறது தனி வித்தையா இருந்துச்சு. ஆரல்வாய்மொழிக் காத்து அடிக்கிற ஊருல ஆகஸ்ட்ல பந்தல் போடுறவங்க வகுப்பறைக்குள்ள பந்திய வச்சிருக்கலாம்.

ஸ்டால்ல ரொம்ப நின்னு பாக்கல. முதலூர்ல இருந்து மஸ்கோத் அல்வா எடுத்திட்டு வந்திருந்தாங்க, நெய்யே இல்லாம தேங்காய்ப்பால்ல கிண்டுனது, வாயில போட்டா வழுக்கிட்டுப் போகும். முந்திரிக்கொத்து அம்மாமார் வீட்ல செஞ்சது, சூப்பர். பத்தமடைப் பாய் ஒண்ணு ரெண்டு இருந்துச்சு, விலையக் கேட்டுட்டு மரியாதையா வச்சிட்டு வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு வளையம் எறியிற விளையாட்டு, பரிசு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் டப்பா.

ஏலம்தான் அன்னைக்கு ஹைலைட். களக்காட்டு ஏத்தன் வாழைத் தார், செவ்வாழை, பூசணி, சேவல், ஒரு கருப்பட்டிக் கொட்டான் எல்லாம் வரிசையா வந்துச்சு. ஏலம் கூறுற அண்ணாச்சி வேற, நாக்குல சனி. "ஏல, இந்தச் சேவலப் பாரு, உன்னயவிட காலையில சீக்கிரம் எந்திரிக்கும்"னு ஒருத்தனப் பாத்து விட்டாரு, அவன் ரோஷத்துல ஆயிரத்துக்கு எடுத்துட்டான். கடைசியா ஒரு முட்டை வந்துச்சு. ஒத்த நாட்டுக்கோழி முட்டை. பத்து ரூபாயில ஆரம்பிச்சு ஐநூறுக்குப் போச்சு, எடுத்தவரு திருப்பிக் குடுத்துட்டாரு, மறுபடி ஏலம், மறுபடி திருப்பிக் குடுத்தாங்க. பழைய மாணவர் ஒருத்தர் மஸ்கட்ல இருந்து வீடியோ கால்ல கேட்டாரு, அவர் தம்பி போனை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு நின்னான். சிக்னல் விட்டு விட்டு வருது, "ரெண்டு தரம்"னு சொல்லிட்டு அண்ணாச்சி நிறுத்தி, "எய்யா மஸ்கட்டு, இருக்கியா, போயிட்டியா"ன்னு கேக்க, மைதானமே சிரிச்சுது. மூணாயிரத்துக்கு அவருக்கே விழுந்துச்சு. அந்த முட்டைய தம்பிக்காரன் சட்டைப் பையில போட்டு, கூட்டத்துல யாரோ இடிச்சு உடைச்சிட்டாங்க.

சிரிப்பு எல்லாம் சரி, ஒண்ண மட்டும் கவனிச்சுக்கோங்க. மைக்ல கடைசியா ஏலத்துல இவ்வளவு சேந்துச்சுன்னு ஒரு தொகை சொன்னாங்கல்லா, அது கையில வந்த காசு கிடையாது. பாதிப்பேரு நோட்டுல பேரெழுதிட்டு தாரத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஏலப்பாக்கிய பிரிக்கிறது லேசுல ஆகிற காரியம் இல்ல, கோயில் கொடை விழாவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி பிரிக்கிறவங்களக் கேட்டுப் பாருங்க. அறிவிக்கும்போதே ரொக்கம் இவ்வளவு, பாக்கி இவ்வளவுன்னு பிரிச்சு சொல்லிட்டா பின்னால பேச்சு வராது.

ஃபீஸ்தான் வாங்குதாங்களே, பெறகு எதுக்கு இந்த ஏலம் கீலம்னு எங்க மதினி கேட்டா. தமிழ்நாட்டுல தனியார் பள்ளிக்கூட ஃபீஸ அவங்க இஷ்டத்துக்கு வைக்க முடியாது, 2009 சட்டப்படி கமிட்டி நிர்ணயம் பண்றதுதான். அட்மிஷன் போடும்போது டொனேஷன் கேக்கதும் தப்பு, அதுக்கு 1992-லயே சட்டம் வந்தாச்சு. அப்போ பிளஸ் ஒன் ஆரம்பிக்க பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி லேப் கட்டணும்னா எங்க போவாங்க. ஓலைக் கொட்டகையில வகுப்பு நடத்துற காலமும் போயாச்சு, 2004-ல கும்பகோணத்துல 94 பிள்ளைக தீயில போனதுக்குப் பிறகு கூரைய எடுத்தாச்சு. நம்ம நெல்லையிலயே 2021 டிசம்பர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறைச் சுவர் விழுந்து 3 பையங்க செத்துப்போனாங்க, அந்த வாரம் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே கை வரல. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்றுன்னு எல்லாம் வாங்கித்தான் பள்ளிக்கூடம் நடத்தணும், ஒழுங்கா கட்டணும்னா செலவு ஆகத்தான் செய்யும். இங்க தூணு எழும்பி நிக்கு, மேல நீட்டிட்டு நிக்கிற கம்பி துருப்பிடிச்சிரக் கூடாதுன்னு சிமெண்டுப் பால் பூசி வச்சிருந்தாங்க. அதைப் பாத்ததும் எனக்கு கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு, வேலை நின்னாலும் மேற்பார்வை பாக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரு.

மேடையில பேசுன ஐயரவாள், அதான் சபைப் போதகர், பழைய கதை ஒண்ணு சொன்னாரு, நல்லா இருந்துச்சு. பாளையங்கோட்டை சாராள் தக்கர் காலேஜ் இருக்குல்லா, அந்த சாராள் தக்கர் நம்ம ஊரைக் கண்ணால பாத்ததே கிடையாதாம். கூடப் பொறந்தவர் சென்னையில மிஷனரி, அவர் எழுதுற கடிதத்தைப் படிச்சிட்டு இங்கிலாந்துல இருந்தே இங்க உள்ள பொம்பளப் பிள்ளைக படிப்புக்குன்னு காசு சேத்திருக்காங்க, அவங்க இறந்த பிறகு தோழிமாருக பணம் திரட்டி அனுப்பி அவங்க பேர்ல பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வந்து, 1895-ல அது காலேஜும் ஆயிருக்கு. ஐயரவாள் அதோட நிறுத்தியிருக்கலாம், ஆனா பிடி அரிசியையும் சொன்னாரு, எனக்கு அதுதான் பிடிச்சுது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசிய தனிக் கலயத்துல போட்டு வச்சு சர்ச்சுக்குக் குடுக்கிற வழக்கம். 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்போ வெளிநாட்டுக் காச நம்பாம நம்ம ஆளுக காசுலயே நடத்தணும்னுதான் ஆரம்பிச்சாங்களாம். குடுத்துப் பழகுன ஊருதான் இது. அப்படிப்பட்ட ஊருல ரசீது குடுக்க ஏன் இவ்வளவு இழுக்காங்கன்னுதான் தெரியல.

இப்போ அந்த ரசீது கவுண்டருக்கு வாரேன். நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கதால எனக்கு கண்ணு அங்கதான் போகும். மேசையில ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருந்தாங்க, ஸ்கேன் பண்ணா தனி ஆள் பேரு வருது. பள்ளிக்கூடத்தை நடத்துற டிரஸ்ட் பேரு இல்ல. கேட்டேன். கவுண்டர்ல இருந்த பையன், "எல்லாம் ஒண்ணுதாங்கா, சார் கணக்குதான், சாயந்தரம் மாத்திருவாரு"ங்கான். அது எப்படி ஒண்ணாகும்? டிரஸ்ட் கணக்குக்குப் போனாத்தான் அது நன்கொடை, இல்லன்னா ஒருத்தருக்கு நீங்க கைமாத்து குடுத்த மாதிரி. சத்தம் போட்டு கேட்டபிறகு உள்ள இருந்து ஒரு டீச்சர் டிரஸ்ட் செக் புக்கப் பாத்து அக்கவுண்ட் நம்பர் எழுதிக் குடுத்தாங்க, அதுல அனுப்பினேன். ரசீதும் வந்துச்சு, ஆனா பான் நம்பர் கேக்கவே இல்ல, நானே எழுதிக்கோங்கன்னு குடுத்தேன்.

குடுக்கவங்களுக்காக சொல்லுதேன். 80ஜின்னு சொல்லுவாங்கல்லா, நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கிற அந்தப் பதிவு டிரஸ்டுக்கு இருக்கான்னு கேளுங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிக்கழிவு கிடையாது, பேங்க் வழியா குடுங்க. ரசீது மட்டும் போதாது, அவங்க வருமான வரித்துறையில தாக்கல் பண்ணி எடுக்கிற நன்கொடைச் சான்றிதழ் உங்க கைக்கு வரணும், அதுக்குத்தான் பான். நீங்க புது வரிமுறைக்கு மாறிட்டீங்கன்னா இந்தக் கழிவே கிடையாது, அப்போ மனசுக்காக குடுங்க, நல்லதுதான். சாப்பாட்டு டோக்கனும் ஏலத்துல எடுத்த தாரும் நன்கொடையில சேராது, காசுக்குப் பொருள் வாங்குன கணக்குதான். ரசீதுல 'கட்டட நிதிக்கு'ன்னு எழுதி வாங்கிருங்க, இல்லன்னா பெயிண்ட் அடிக்கவும் பஸ் டயர் மாத்தவும் போயிரும்.

வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு இன்னொண்ணு. துபாய், மஸ்கட்ல வேலை பாத்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்தா பிரச்சனை இல்ல, பேங்க் வழியா அனுப்பலாம். ஆனா அமெரிக்கா, கனடான்னு குடியுரிமை வாங்குனவங்க குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வரும், டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேணும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்கிற கணக்குலதான் அது வந்து விழணும். ஆர்வத்துல கியூஆர்ல தட்டிவிட்டா மாட்டுறது பள்ளிக்கூடம்தான். மேடையில "கனடா அண்ணன் ஒரு லட்சம்"னு அறிவிச்சாங்க, அதைக் கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்குச்சு.

எனக்கு சுத்தமா பிடிக்காதது கூப்பன் புக். பிள்ளைக ஒவ்வொருத்தர் கையிலயும் பத்து கூப்பன், ஒண்ணு அம்பது ரூபா, குலுக்கல்ல பரிசுன்னு போட்டு வித்திட்டு வரச் சொல்லிருக்காங்க. 2003-ல லாட்டரியவே தடை பண்ண மாநிலத்துல பள்ளிக்கூடப் பிள்ளை கையில குலுக்கல் சீட்டு. எங்க சின்னவ சித்தப்பா, பெரியப்பா, கடைக்கார அண்ணாச்சின்னு எல்லார் வீட்டுக்கும் போயி வித்துட்டா, அவ வாய் அப்படி. ஆனா அவகூட படிக்கிற பிள்ளை ஒண்ணு, அப்பா கிடையாது, அம்மா பீடி சுத்துதாங்க, விக்காத சீட்டத் திருப்பிக் குடுக்க பயந்து பையிலயே வச்சிட்டு திரிஞ்சிருக்கு. வகுப்புல யாரு எத்தனை வித்தீங்கன்னு பேரு வாசிச்சாங்களாம். இத மொதல்ல நிறுத்தணும். பெத்தவங்கக்கிட்ட நேரா கேளுங்க, தார அன்னைக்கு தாரோம், இல்லாதவங்க சும்மா இருக்கட்டும்.

கணக்கு விஷயத்துலயும் அப்படித்தான். எங்க ஊர்ல கொடை முடிஞ்சா ஊர்க்கூட்டம் போட்டு வரவு செலவு வாசிப்பாங்க, மேளக்காரருக்கு எவ்வளவு, எலுமிச்சம்பழத்துக்கு எவ்வளவுன்னு ஒத்த ரூபா வரைக்கும் வரும், ஒரு ஆள் எந்திரிச்சு சண்டை போடத்தான் செய்வான், ஆனா அடுத்த வருஷம் வரி தானா வந்துரும். இங்க போன வருஷ வரவ ஃபிளெக்ஸ்ல பெருசா போட்டிருக்காங்க, செலவக் காணோம். கம்பி எத்தனை டன், சிமெண்ட் எத்தனை மூட்டை, காண்ட்ராக்டருக்கு எவ்வளவு பாக்கின்னு பக்கத்துலயே எழுதிப் போட்டா நான்லாம் கேக்காமலே குடுப்பேன். தாளாளர்கிட்ட சொன்னேன், நல்ல மனுஷன், முகம் சுளிக்காம கேட்டுக்கிட்டாரு, "அடுத்த பெற்றோர் கூட்டத்துல வாசிக்கோம்மா, கியூஆர திங்கக்கிழமையே மாத்திருதேன்"னாரு. கியூஆர் மாறிருச்சு, நான் பாத்தேன். கணக்கு இன்னும் வாசிக்கல.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணரை. சாப்பாட்டுக்கும் ஏலத்துக்கும்தான் இந்த மார்க், கூப்பன் புக்க ஒழிச்சா நாலா மாத்திருதேன். அடுத்த தடவை போறவங்க பன்னெண்டு மணிக்கு முன்னாடியே பந்தியில உக்காந்துருங்க, ஒரு மணிக்கு மேல போனா கறிக்குழம்புல கறிய தேடணும். காரு எடுத்துட்டுப் போகாதீங்க, ரோட்டோரம்தான் நிறுத்தணும், பஸ்ஸுக்கு வழி விடலன்னு ஹாரன் அடிச்சே கொன்னுருவாங்க. மஸ்கோத் அல்வா வேணும்னா நுழைஞ்ச உடனே வாங்கிருங்க, நான் ஏலம் பாத்துட்டு வந்தப்போ வெறும் தட்டுதான் இருந்துச்சு.