கிளென் லயனின் இரண்டு மலைகள்: ஸ்டூக் அன் லோக்கனா, மியால் பூயாவா?

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷைர் பக்கம் மலையேற வருகிறவர்களில் பெரும்பாலோர் பென் லாயர்ஸுக்குப் போவார்கள், இல்லையென்றால் ஷீஹாலியனுக்கு. இந்த இரண்டுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் கிளென் லயன் பள்ளத்தாக்குக்குள் வண்டியைத் திருப்புகிறவர்கள் குறைவுதான். அதன் உட்பகுதியில் லாக் அன் டைவ் ஏரிக்குத் தெற்கே ஸ்டூக் அன் லோக்கன் (960 மீட்டர்), வடக்கே மியால் பூயா (932 மீட்டர்) என்று இரண்டு மலைகள் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டுமே 3000 அடியை, அதாவது 914 மீட்டரைத் தாண்டியவை என்பதால், அந்த உயரமுள்ள ஸ்காட்லாந்து மலைகளின் பட்டியலான மன்ரோ பட்டியலில் இருக்கின்றன. இரண்டுக்கும் புறப்படும் இடம் ஒன்றேதான், கியோரா அணை. நடக்க வேண்டிய தூரமும் போய்வர ஏறக்குறைய 9 கிலோமீட்டர் என்று ஒத்துப் போகிறது. அப்படியானால் எதில் ஏறுவது?

வழக்கமாகச் சொல்வார்கள்: ஸ்டூக் அழகானது, மியால் பூயா சும்மா பட்டியலில் ஒரு எண்ணைக் கூட்டிக்கொள்ள ஏறுவது. முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன், இரண்டாவது பாதி அந்த மலைக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் ஸ்டூக். அணை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தெற்கு முனையைத் தாண்டியதும் தடம் இடப்பக்கம் பிரிந்து நேராகப் புல்சரிவில் ஏறத் தொடங்கிவிடும், உடம்பு சூடாவதற்குக்கூட நேரம் கொடுக்காது. கிரேக் அன் ஏட்டன் என்ற 887 மீட்டர் முகடு வரைக்கும் இந்தச் செங்குத்து விடாது. மழை பெய்த மறுநாள் என்றால் மண்ணும் புல்லும் சேர்ந்து வழுக்கும், ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகமாக. நடைக்கோல் வைத்திருப்பவர்கள் இங்கே மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகட்டைத் தொட்டுவிட்டால் கஷ்டமான வேலை முடிந்த மாதிரிதான். அப்புறம் கொஞ்சம் இறக்கம், கொஞ்சம் ஏற்றம் என்று அகலமான மேட்டில் வளைந்து போகிறது வழி. ஒரு காலத்தில் வேலி இருந்ததன் மிச்சமாக நிற்கும் பழைய இரும்புக் கம்பங்கள் பெரும்பகுதிக்குக் கூடவே வரும். வலப்பக்கம் நிலம் அப்படியே விழுந்து, அரைவட்டமாகக் குடைந்த பள்ளத்துக்குள் லோக்கன் நன் காட் என்ற சின்ன ஏரி தெரிய ஆரம்பிக்கும். உச்சி அதற்கு நேர் மேலே. உச்சியைக் காட்டும் கற்குவியலிலிருந்து சில அடிகள் நடந்தால் காலுக்கு நேர் கீழே தண்ணீர். இந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வரலாம்.

இந்த மலைக்கு ஒரு வரலாறும் உண்டு. மன்ரோ உயரமுள்ள மலை ஒன்றில் மனிதர் ஏறியதாகப் பதிவாகியிருக்கும் மிகப் பழைய ஏற்றம் இதில்தான் என்பார்கள். 1590 வாக்கில் ஏறியவர் காலின் கேம்ப்பெல், பள்ளத்தாக்கில் இன்றும் நிற்கும் மெகர்னி கோட்டையின் உரிமையாளர், ‘கிறுக்குக் காலின்’ என்று பேர் வாங்கியவர். உச்சியருகே மேய்ந்த ஆடுகளை அந்தப் பாறை விளிம்பிலிருந்து கீழே விரட்டித் தள்ளினார் என்று ஊர்க்கதை. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் அந்த ஆடுகளை நினைத்து மனசு சங்கடப்படும்.

சரி, மியால் பூயா. இங்கே சிரமம் வேறு மாதிரி. செங்குத்து அதிகம் இல்லை, மொத்த ஏற்றமும் 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், ஸ்டூக்கில் 600-ஐத் தாண்டும். ஆனால் தொடக்கத்தில் கறுப்புச் சதுப்பு, ஊறவைத்த பஞ்சில் கால் வைத்த மாதிரி அமுங்கும். வறண்ட வாரம் தவிர மற்ற நாட்களில் காலணி நனையாமல் தாண்ட முடியாது. மியால் அ ஃபூயில் என்ற மலைத்தோளை எட்டிய பிறகு தரை கெட்டிப்படும். அங்கிருந்து வடக்கே நீளும் அகன்ற முகட்டில் கிட்டத்தட்ட சமதளத்தில் கைவீசி நடக்கலாம். உச்சி அந்த முகட்டின் கடைசி முனையில் இருப்பதால், அதுவரை மறைந்திருந்த வடக்குத் திசை முழுவதும் ஒரே அடியில் திறந்துகொள்கிறது. கீழே லாக் ரானக் ஏரி, மேற்கே நீரும் சேறுமாகப் பரந்து கிடக்கும் ரானக் மூர், அதற்கு அப்பால் கிளென்கோ மலைகள், தெளிவான நாளில் பென் நெவிஸ். கிழக்கே ஷீஹாலியன், 1774-இல் வானியலாளர் நெவில் மஸ்கெலின் பூமியின் அடர்த்தியைக் கணிக்க முகாமிட்ட மலை, தனியாக நிற்கிறது. தூரக் காட்சி என்று பார்த்தால் ஸ்டூக்கைவிட இதுதான் மேல் என்பேன், உயரம் 28 மீட்டர் குறைவாக இருந்தாலும்.

அதனால்தான் மேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறேன். மேகம் 900 மீட்டருக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தால் மியால் பூயாவில் ஏறுவதில் அர்த்தமே இல்லை. அதன் சொத்து முழுவதும் தூரத்தில் இருக்கிறது. அதோடு ‘சுலபமான மலை’ என்று நம்பி வருகிறவர்கள்தான் அடையாளம் எதுவுமில்லாத அந்த அகன்ற மேட்டில் திசை தவறுகிறார்கள், திரும்பும்போது தோளிலிருந்து தப்பான பக்கம் இறங்கிவிட வாய்ப்பு அதிகம். ஸ்டூக்கில் கம்பங்களாவது வழி சொல்லும், மேகம் கொஞ்சம் விலகினாலே ஏரி தெரிந்துவிடும். ஆனால் அங்கே விளிம்பு இருக்கிறது. வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தத் தெரியாவிட்டால் மேகத்தில் இரண்டுமே வேண்டாம், போனை நம்பிப் போகும் இடம் இது இல்லை.

குளிர்காலத்தில் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மியால் பூயா. ஸ்டூக்கில் காற்று சேர்த்து வைக்கும் பனி, ஏரிப் பக்க விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்பவருக்குக் கீழே பாறை இருக்கிறதா, வெறும் பனியா என்றே தெரியாது. முதல் செங்குத்துச் சரிவும் பனி இறுகிவிட்டால் பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் முள்ளும் இல்லாமல் ஏறக்கூடிய இடம் அல்ல.

கோடையில் நல்ல வேகமுள்ளவர்கள் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கிறார்கள். நடுவில் அணைக்கு இறங்கி வரத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. அப்படிச் செய்வதானால் காலையில் ஸ்டூக், மதியத்துக்கு மேல் மியால் பூயா. முட்டி களைத்த பிறகு அந்தப் புல்சரிவில் இறங்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மான் வேட்டை மும்முரமாக நடக்கும் என்பதால் அணைப் பக்கம் அறிவிப்புப் பலகை இருந்தால் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பள்ளத்தாக்குக்குள் ஒற்றைத் தடச் சாலைதான், அணை வரை பேருந்தும் வராது, பெட்ரோலை ஏபர்ஃபெல்டி மாதிரி ஊரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.