நானோஷீட்டா, கார்பன் நானோகுழாயா?

"இறுதியாண்டு புராஜெக்டுக்கு எதை எடுக்கட்டும் சார், நானோஷீட்டா, கார்பன் நானோகுழாயா?" காரைக்குடியில் எங்கள் தெருப் பெண் கேட்டாள். இரண்டுமே டிரான்சிஸ்டரை, அதாவது சிப்புக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டி மடையை, செய்கிற வழிகள். பதிலைக் கண்மாய் மடையிலிருந்துதான் தொடங்கினேன்.

மடையில் பலகையை இறக்கிய பிறகும் அடியில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். டிரான்சிஸ்டரிலும் அதே தொல்லை. சோர்ஸ் கண்மாய், டிரெயின் வயல், நடுவில் கேட்தான் பலகை. இடைவெளி சில பத்து நானோமீட்டராகச் சுருங்கியதும், மேலிருந்து மட்டும் அழுத்தும் கேட்டுக்குப் பிடி தளர்ந்தது. அணைத்தாலும் மின்சாரம் கசிந்தது. அதனால் மின்சாரம் ஓடும் வாய்க்காலைச் சுவர்போல் நிமிர்த்தி, மூன்று பக்கமும் கேட் கவ்வும்படி செய்தார்கள். அதுதான் ஃபின்ஃபெட். இன்டெல் 2012-இல் 22 நானோமீட்டர் தலைமுறையில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நானோஷீட் நான்காவது பக்கத்தையும் அடைக்கிறது. செய்முறையே அழகு. சிலிக்கானையும் சிலிக்கான்-ஜெர்மானியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி வளர்க்கிறார்கள். ஜெர்மானியம் கலந்த அடுக்குகளை மட்டும் அரித்தெடுத்தால் சிலிக்கான் தகடுகள் அந்தரத்தில் நிற்கும். அந்த இடுக்குகளில் கேட் நிரம்பும். ஃபின்ஃபெட்டில் கூடுதல் மின்னோட்டம் வேண்டுமென்றால் ஒரு சுவர், இரண்டு சுவர் என்றுதான் கூட்டலாம். இங்கே தகட்டின் அகலத்தையே கூட்டிக் குறைக்கலாம். என் கணக்கில் இதுதான் பெரிய லாபம். சாம்சங் 2022-இலேயே 3 நானோமீட்டர் தலைமுறையில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது.

ஒன்றிரண்டு நானோமீட்டர் விட்டமுள்ள கார்பன் குழாயிலோ எலக்ட்ரான் ஏறக்குறைய மோதலே இல்லாமல் ஓடும். ஓட்டத்தை மட்டும் பார்த்தால் சிலிக்கான் பக்கத்தில் நிற்காது. ஆனால் விளைகிற குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உலோகத் தன்மை உள்ளது. அதை எந்த கேட் கொண்டும் அடைக்க முடியாது. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பிரிக்க வேண்டும். 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு 14,000-க்கும் மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்களால் 16 பிட் புராசஸர் செய்தது. கல் முழுவதையும் பொறுக்கப் போராடாமல், ஓரிரு கல் இருந்தாலும் தாங்குகிற லாஜிக் சேர்க்கைகளாகத் தேர்ந்து சுற்றை அமைத்தார்கள். அந்த யோசனை என்னை உலுக்கிவிட்டது.

காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியும் வேகம்தானே என்பார்கள். உள்ளங்கை அளவு சார்ஜருக்கு அது அருமை. புராசஸருக்கு எலக்ட்ரானோடு ஹோல்களும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடங்கள்) வேகமாக ஓட வேண்டும்; அதில் ஹோல்கள் மெதுவாக நகர்வதால் புராசஸர் பந்தயத்துக்கு ஒத்துவராது.

டிரான்சிஸ்டர் எதுவானாலும், அவற்றை இணைக்கும் கம்பி மெலிய மெலிய மின்தடை ஏறி வேகத்தைப் பிடித்து இழுக்கும். சிப்புக்குள் ஓடும் செம்புக் கம்பிகளை மின்முலாம் முறையில்தான் நிரப்புகிறார்கள். 1953 முதல் எங்கள் ஊரில் இருக்கும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்கிற மின்வேதியியல்தான் அதற்கும் அடிப்படை. இதைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது.

"நானோஷீட்டையே எடு ஆத்தா. அகலத்தை மாற்றி மாற்றி, கசிவு எப்படி மாறுகிறதென்று சிமுலேஷனில் வரைந்து பார். ஒரு செமஸ்டருக்குள் முடியும். குழாய்களைப் பிரிக்கிற வேலை உங்கள் லேபில் நடக்காது."

முகம் கொஞ்சம் வாடியது. அவள் ஆசை நானோகுழாய் மேல்தான், எனக்கும் அப்படித்தான். மேற்படிப்புக்கு வைத்துக்கொள் என்றேன்.